இல்லாத பொருள் ஓரிடத்தில் நிற்பது எப்படி?

இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. பழைய புகைப்படச் சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடித் தகடு, குட்டையான மெழுகுவத்தி, உயரமான கண்ணாடித் தம்ளர், கொஞ்சம் தண்ணீர் ஆகியவை போதும். கண்ணாடியின் ஓரம் கையைக் கிழிக்கும். அதைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். நெருப்பைக் கையாள்வதால் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

மேசையின் நடுவே, இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையில் கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். உங்கள் பக்கம், கண்ணாடியிலிருந்து சரியாக 20 செ.மீ. தூரத்தில் மெழுகுவத்தியை ஏற்றி வையுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதே 20 செ.மீ. தூரத்தில், மெழுகுவத்திக்கு நேரெதிரே தண்ணீர் நிரம்பிய தம்ளரை வையுங்கள். மெழுகுவத்தி உங்கள் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாதபடி ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, சற்றே பக்கவாட்டிலிருந்து கண்ணாடி வழியே தம்ளரைப் பாருங்கள். தண்ணீருக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்!

இதில் மந்திரம் ஏதும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் 8 பங்கை எதிரொளிக்கிறது. மீதியில் பெரும்பகுதியை ஊடுருவ விடுகிறது. ஆகவே அது ஒரே சமயத்தில் ஆடியாகவும் இருக்கிறது, சன்னலாகவும் இருக்கிறது. சமதள ஆடியின் முன்னால் பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளதோ அவ்வளவு தூரம் பின்னால் மாய பிம்பம் தோன்றும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மெழுகுவத்தியின் மாய பிம்பம் தம்ளர் இருக்கும் இடத்திலேயே விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் சோதனை இத்துடன் முடியவில்லை. இனிமேல்தான் முக்கியமான பகுதி. தலையை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். சுடர் தம்ளரை விட்டு நகர்வதில்லை. அடுத்து, தம்ளரை 5 செ.மீ. பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் தலையை அசையுங்கள். இப்போது சுடர் தம்ளருக்குள்ளிருந்து நழுவி வெளியே வரும், திரும்ப உள்ளே போகும். இயற்பியல் ஆய்வகத்தில் குண்டூசிகளை வைத்து இடமாறு தோற்றத்தை நீக்கும் சோதனை செய்த மாணவர்களுக்கு இது பழக்கமான காட்சி. இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருந்தால், எங்கிருந்து பார்த்தாலும் அவை ஒன்றாகவே நகரும். இடம் வேறானால், தலை அசைந்த உடனே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆங்கிலத்தில் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்றும் தமிழில் 'மிகை மெய்ம்மை' என்றும் சொல்லப்படும் தொழில்நுட்பம் சாதிக்க முயல்வது இதைத்தான். நம் எதிரே இருக்கும் உண்மையான உலகத்தின்மீது, கணிப்பொறி வரைந்த ஒரு பொருளை வைக்க வேண்டும். நாம் எப்படி நகர்ந்தாலும் அது வைத்த இடத்தை விட்டு அசையக் கூடாது. நம் கண்ணாடித் தகட்டுக்கு இந்த வேலை மிகச் சுலபம். எதிரொளிப்பு விதி அதைத் தானாகவே செய்துகொடுக்கிறது. கணிப்பொறிக்கோ பிம்பத்தின் இடம் ஒவ்வொரு கணமும் கணக்குப் போட்டுப் பெற வேண்டிய விடை. அந்தக் கணக்கு எவ்வளவு கடினம் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மேடையிலிருந்து விமானத்துக்கு

1862-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் நம் மெழுகுவத்திச் சோதனையையே பெரிய அளவில் நடத்திக் காட்டினார். மேடையின் முன்னால் மாபெரும் கண்ணாடி ஒன்று சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. மேடைக்குக் கீழே, பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில், பிரகாசமான ஒளியில் ஒரு நடிகர் நின்றார். மேடையிலோ ஆவி ஒன்று உலவுவதாகத் தெரிந்தது. இந்த யோசனையை முதலில் சொன்னவர் ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர். ஆனால் வித்தைக்கு இன்றுவரை நிலைத்த பெயர் 'பெப்பரின் ஆவி'. விஞ்ஞான வரலாற்றில் இப்படி நடப்பது புதிதல்ல.

1900-ல் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கித் தயாரிப்பாளர் ஹவர்ட் க்ரப் இந்தக் கண்ணாடியுடன் ஒரு லென்ஸைச் சேர்த்தார். (இவருடைய பட்டறையில் உருவான 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று, புனாவில் சில காலம் இருந்துவிட்டு, 1912-ல் நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது.) ஒளியூட்டப்பட்ட ஒரு குறியைக் குவிலென்ஸின் குவியத்தில் வைத்தால் என்ன ஆகும்? கதிர்கள் இணையாக வெளிவரும். பிம்பம் முடிவிலாத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். அந்தக் கதிர்களைச் சாய்ந்த கண்ணாடியில் எதிரொளிக்கச் செய்து, அதன் வழியே தொலைவிலுள்ள இலக்கைப் பார்த்தால், குறியும் இலக்கும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் குறி இலக்கை விட்டு விலகாது. க்ரப் இதைத் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவியாக அமைத்தார். பின்னாளில் போர் விமானங்கள் இதை எடுத்துக்கொண்டன.

லென்ஸின் வேலையை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். குவியத் தூரம் 4 செ.மீ. உள்ள குவிலென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு திரையைச் சரியாகக் குவியத்தில் வைத்தால் பிம்பம் முடிவிலாத் தொலைவில் இருக்கும். திரையை வெறும் 0.8 மி.மீ. உள்ளே தள்ளி, 3.92 செ.மீ. தூரத்தில் வையுங்கள். லென்ஸ் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், பிம்பம் 196 செ.மீ. தொலைவுக்கு வந்திருக்கும்! ஓர் அரிசியின் பருமன் கூட இல்லாத நகர்வு, பிம்பத்தை அடிவானத்திலிருந்து கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது. கண்ணுக்கு மிக அருகில் அணியும் சாதனத்தின் திரையை நம் கண் தெளிவாகப் பார்ப்பது இந்த லென்ஸின் உதவியால்தான். லென்ஸ் இல்லாவிட்டால் 25 செ.மீ.க்கு உள்ளே இருக்கும் எதையும் நாம் சிரமப்பட்டுத்தான் பார்க்க முடியும்.

1950-களின் இறுதியில் பிரிட்டனின் பக்கனீர் போர் விமானத்தில், குறியோடு கூட உயரம், வேகம் போன்ற விவரங்களும் விமானியின் முன்னுள்ள கண்ணாடியில் தெரியத் தொடங்கின. இது வெறும் வசதிக்காகச் செய்தது அன்று. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் தரையிறங்கும் விமானம் வினாடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் செல்கிறது. விமானி தலையைக் குனிந்து, கண்ணின் குவியத்தை மாற்றி, ஒரு முள்ளைப் படித்துவிட்டு நிமிர 2 வினாடி எடுத்துக்கொண்டால், விமானம் 140 மீட்டர் அவர் பார்க்காமலேயே பறந்திருக்கும்.

தலை திரும்பினால்?

விமானியின் கண்ணாடி விமானத்தோடு பொருத்தப்பட்டது. விமானியும் இருக்கையோடு கட்டப்பட்டவர். ஆகவே கணக்கு எளிதாக இருந்தது. ஒரு மனிதன் எழுந்து நடந்து, எந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாலும் பிம்பம் அதனதன் இடத்தில் நிற்க வேண்டுமென்றால்?

அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்ற இளம் விஞ்ஞானி இதில் இறங்கினார். ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றில் நடந்த பரிசோதனையை அவர் கண்டிருந்தார். ஒரு கட்டிடத்தின் மாடியில் காமிரா. உள்ளே அறையில் ஒருவர். அவர் தலையைத் திருப்பினால் காமிராவும் திரும்பும். அது காண்பதை அவர் கண்முன் உள்ள திரையில் காண்பார். மாடியில் இருந்த ஒருவர் காமிராவை நோக்கிப் பந்தை எறிந்தபோது, அறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர் சட்டென்று குனிந்துகொண்டாராம்! காமிராவுக்குப் பதிலாகக் கணிப்பொறியை வைத்தால், இல்லாத இடத்தையும் காட்டலாமே என்று சதர்லாண்டுக்குத் தோன்றியது.

1968-ல் அவர் தம் கருவியை வெளியிட்டார். இரு கண்களுக்கும் தனித்தனியே, சுமார் 2 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. நீளமும் கொண்ட படக்குழாய்கள். அவற்றில் தோன்றும் படம், பாதி வெள்ளி பூசிய கண்ணாடிகளில் பட்டுக் கண்ணை அடையும். அந்தக் கண்ணாடிகளின் வழியே அறையும் தெரியும். மெழுகுவத்தியும் தம்ளரும் மறுபடி வந்துவிட்டன, பார்த்தீர்களா? வித்தியாசம் தலைக்கு மேலே இருந்தது. கூரையிலிருந்து இறங்கிய ஒரு தண்டு அணிபவரின் தலைச்சாதனத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. தலை எவ்வளவு திரும்பியது, எவ்வளவு சாய்ந்தது, எங்கே நகர்ந்தது என்பதை அந்தத் தண்டின் மூட்டுகள் அளந்து கணிப்பொறிக்குச் சொல்லும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பொருள் எப்படித் தெரியுமோ அப்படிக் கணிப்பொறி கோடுகளால் வரையும். இது வினாடிக்கு 30 தடவை நடந்தது.

காட்டிய பொருள் என்ன தெரியுமா? கம்பியால் செய்தது போன்ற ஒரு கனசதுரம். நான்கு சுவர்கள் கொண்ட ஓர் அறையின் கோட்டுருவம். இவ்வளவே. ஆனால் அந்தக் கனசதுரம் அறையின் நடுவே அந்தரத்தில் நின்றது. அணிந்தவர் பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கண்டார். 6 அடி விட்டமும் 3 அடி உயரமும் கொண்ட வெளிக்குள்தான் தலை நகரலாம். தலைக்கு மேல் தொங்கிய அந்தத் தண்டுக்கு 'டாமக்ளீஸின் வாள்' என்று பெயர் வைத்தார்கள். அரசனின் ஆசனத்தில் அமர ஆசைப்பட்டவனின் தலைக்குமேல் ஒற்றைக் குதிரைமயிரில் வாள் தொங்கிய கிரேக்கக் கதையை நினைத்து வைத்த பெயர் அது. இக்காலத்துச் சாதனங்களை விட எனக்கு இந்தக் கருவியே அதிக வியப்பைத் தருகிறது. இன்றைய சாதனத்தில் உள்ள எல்லா உறுப்புகளும் அதில் பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தன.

'மிகை மெய்ம்மை' என்ற பெயர் அதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் வந்தது. போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிக் கட்டுகளைத் தயாரிக்க, ஒவ்வொரு வகைக் கட்டுக்கும் தனித்தனியே படம் வரைந்த பெரிய பலகைகள் தேவைப்பட்டன. பலகை வெறுமையாகவே இருக்கட்டும், எந்தக் கம்பி எந்த வழியே போக வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண்முன் உள்ள கண்ணாடி காட்டட்டும் என்பது அவர்களுடைய திட்டம். உலகத்தை முழுவதும் மறைத்துவிட்டு வேறோர் உலகத்தைக் காட்டுவது 'மெய்நிகர்' தொழில்நுட்பம். உலகத்தை அப்படியே விட்டு, அதன்மேல் சேர்ப்பது மிகை மெய்ம்மை.

தண்டு இல்லாமல் தலையைக் கண்டுபிடிப்பது

இன்று கூரையிலிருந்து தண்டு தொங்குவதில்லை. கைபேசியே தான் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்கிறது. எப்படி?

கைபேசிக்குள் ஒரு சிலிக்கன் சில்லில், மிகச் சன்னமான தாங்கிகளில் தொங்கும் நுண்ணிய நிறை ஒன்று இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கைபேசியைத் திருப்பினால், கோரியோலிஸ் விளைவின் காரணமாக அந்த நிறை பக்கவாட்டில் தள்ளப்படும். அந்தத் தள்ளலை மின்தேக்குத் திறனின் மாற்றமாக அளந்து, எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்று அறிகிறார்கள். இதுதான் சுழல்காட்டி. பக்கத்திலேயே முடுக்கமானி. இரண்டும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளவு சொல்லும்.

முடுக்கம் தெரிந்தால் வேகம் தெரியும். வேகம் தெரிந்தால் தூரம் தெரியும். பிறகென்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். குறை இருக்கிறது. முடுக்கமானியின் அளவில் வினாடிக்கு வினாடி 0.01 மீட்டர் என்ற சிறு பிழை இருப்பதாகக் கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. தூரம் = 1/2 × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். 10 வினாடியில் பிழை அரை மீட்டர். ஒரு நிமிடத்தில் 18 மீட்டர்! மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைபேசி, தான் தெருக்கோடிக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளும். நேரத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது.

ஆகவே காமிராவின் துணை தேவைப்படுகிறது. இதில் முதலில் கையாண்டது ஓர் எளிய உபாயம். கெட்டியான கறுப்புக் கட்டமிட்ட சதுர அட்டையை மேசைமேல் வைப்பார்கள். காமிரா சாய்வாகப் பார்க்கும்போது சதுரம் சதுரமாகத் தெரியாது. ஒருபுறம் குறுகிய நாற்கரமாகத் தெரியும். சதுரத்தின் உண்மையான அளவு முன்பே தெரியும் என்பதால், நான்கு மூலைகளும் படத்தில் விழுந்த இடங்களைக் கொண்டு காமிராவின் தூரத்தையும் சாய்வையும் கணக்கிட்டுவிடலாம். வடிவொத்த முக்கோணங்களை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை விளங்கும். ஜப்பானிய விஞ்ஞானி ஹிரோகாஸு கட்டோ 1999-ல் இதற்கான மென்பொருளை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட பிறகு, கல்லூரி மாணவர்கள் கூட மிகை மெய்ம்மை செய்து பார்க்க முடிந்தது.

அட்டையும் இல்லாத இடத்தில்? ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்கள் அல்லவா? தந்திக் கம்பங்கள் விருட்டென்று பின்னோக்கி ஓடும். தொலைவிலுள்ள பனைமரங்கள் மெதுவாக நகரும். மலை அசையவே அசையாது. எது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைக் கொண்டே எது அருகில், எது தொலைவில் என்று சொல்லிவிடலாம். கைபேசியும் இதையே செய்கிறது. தரை ஓடுகளின் மூலைகள், மேசையின் கீறல்கள், புத்தக அட்டையின் எழுத்துகள் போன்ற பளிச்சென்று தெரியும் புள்ளிகள் பலவற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் ஒவ்வொன்றும் எங்கே நகர்ந்தது என்று தொடர்ந்து பார்க்கிறது. அந்த நகர்வுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி காமிரா எப்படி நகர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. மெழுகுவத்திச் சோதனையில் குட்டை வெளிப்படுத்திய அதே இடமாறு தோற்றம் இங்கே அளவுகோலாகிவிட்டது.

ஆனால் காமிராவுக்கும் ஒரு குறை உண்டு. பொம்மை வீட்டுக்குள் ஒரு செ.மீ. நகர்ந்தாலும், அதே அமைப்புள்ள பெரிய வீட்டுக்குள் ஒரு மீட்டர் நகர்ந்தாலும் ஒற்றைக் காமிராவுக்கு ஒரே காட்சிதான். மீட்டர் கணக்கில் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது முடுக்கமானி. முடுக்கமானியின் வழுக்கலைக் காமிரா திருத்துகிறது. காமிராவுக்கு அளவை முடுக்கமானி தருகிறது. கண்ணில்லாதவனும் காலில்லாதவனும் சேர்ந்து ஊர் போன கதைதான். 2017-ல் ஆப்பிள் நிறுவனமும், 2018-ல் கூகுள் நிறுவனமும் இந்த இணைப்பைச் சாதாரணக் கைபேசிகளுக்குக் கொண்டுவந்தன.

2016-ல் உலகெங்கும் சிறுவர்களைத் தெருவில் அலையவிட்ட 'போக்கிமான் கோ' விளையாட்டைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். அது தொடங்கியபோது, பிராணியின் படம் காமிராக் காட்சியின்மேல் மிதந்ததே தவிர, தரையில் கால் ஊன்றி நிற்கவில்லை. பலர் காமிராவை அணைத்துவிட்டே விளையாடினார்கள். என் கணக்கில் அது பாதி மிகை மெய்ம்மைதான்.

தாமதம் என்ற எதிரி

தலை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அளந்து, கணக்கிட்டு, வரைந்து, திரையில் காட்டி முடிப்பதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுகிறது. அதற்குள் தலை வேறிடம் போய்விடும்.

யாரோ கூப்பிட்டு நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது தலை வினாடிக்கு 100 டிகிரி வேகத்தில் சுழல்வதாகக் கொள்வோம். தாமதம் 50 மில்லி வினாடி. அந்நேரத்தில் தலை 5 டிகிரி திரும்பிவிடும். 2 மீட்டர் தொலைவில் வைத்த மாயப் பொருள் தன் இடத்தைவிட்டு 17 செ.மீ. விலகித் தெரியும். மேசைமேல் இருக்கும் மாயப் பூச்சாடி, நீங்கள் திரும்பும் போதெல்லாம் மேசையை விட்டு வழுக்கி, நின்றதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்! தாமதத்தை 20 மில்லி வினாடியாகக் குறைத்தாலும் விலகல் 7 செ.மீ. நம் கண்ணோ இந்த விஷயத்தில் மிகக் கறாரானது. தலை திரும்பும்போது உள்காதிலிருந்து வரும் செய்தியைக் கொண்டு, விழிகள் சுமார் 10 மில்லி வினாடிக்குள் எதிர்ப்பக்கம் திரும்பிக் காட்சியை நிலைநிறுத்துகின்றன. காட்சியும் உள்காதும் வெவ்வேறு சொன்னால் தலை சுற்றும், குமட்டும்.

கணிப்பொறியை வேகமாக்குவதால் மட்டும் இது தீராது. ஆகவே முன்கூட்டி ஊகிக்கிறார்கள். உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்டக்காரர் பந்து இருக்கும் இடத்துக்கா ஓடுகிறார்? விழப்போகும் இடத்துக்கு அல்லவா ஓடுகிறார்! அதுபோலவே தலை இன்னும் சில மில்லி வினாடியில் எங்கே இருக்கும் என்று கணித்து, அந்த இடத்துக்கான படத்தை வரைகிறார்கள். படம் திரையில் ஏறுவதற்குச் சற்று முன்பு சுழல்காட்டியை மறுபடி ஒருமுறை கேட்டு, ஊகம் தவறியிருந்தால் முழுப் படத்தையும் அந்த அளவுக்கு நகர்த்திவிடுகிறார்கள்.

உடலுக்குள் பார்ப்பது

மாயப் பூச்சாடி வழுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊசி வழுக்கினால்?

1992-ல் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஃபூக்ஸும் உடன் பணியாற்றியோரும் ஒரு சோதனை செய்தார்கள். கர்ப்பிணியின் வயிற்றில் கேளா ஒலிக் கருவியை வைத்துப் பார்க்கும் மருத்துவர், படத்துக்காகப் பக்கத்தில் உள்ள திரையைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தை, அது எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே, வயிற்றுக்குள்ளேயே காட்டினால் என்ன? தலைச்சாதனம் அணிந்த மருத்துவருக்கு அவர்கள் அப்படிக் காட்டினார்கள். எதிர்பாராத ஒரு தொல்லை எழுந்தது. படம் வயிற்றுக்குள் இருப்பதாகத் தோன்றவில்லை. தோலின் மேல் ஒட்டிய காகிதம் போல இருந்தது! கணக்குப்படி இடம் சரிதான். ஆனால் தோலைத் தாண்டி உள்ளே இருப்பதைத் தோல் மறைக்க வேண்டும் அல்லவா? மறைக்காவிட்டால், அது முன்னால் இருக்கிறது என்றே மூளை முடிவுகட்டுகிறது. எது எதை மறைக்கிறது என்பது தூரத்தை அறிய மூளை நம்பும் மிக வலுவான சாட்சி. பிறகு அவர்கள் வயிற்றில் ஒரு பொய்க்குழி இருப்பதாக வரைந்து, அந்தக் குழிக்குள் படத்தை வைத்தார்கள். உடனே படம் உள்ளே இறங்கிவிட்டது!

2020 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நோயாளியின் முதுகெலும்பில் ஆறு திருகாணிகளைப் பொருத்தும் சிகிச்சையில் இத்தகைய சாதனம் பயன்பட்டது. நோயாளியின் உள்ளெலும்புப் படம், அவர் உடலின் மேலேயே பொருந்தி மருத்துவரின் கண்ணுக்குத் தெரிந்தது. முள்ளெலும்பில் திருகாணி இறங்கும் வழி குறுகலானது; பக்கத்திலேயே தண்டுவடம். சில மில்லிமீட்டர் தவறினாலும் விபரீதம். இந்த வேலைக்கு முதுகெலும்பு ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பு வளையாது. அதில் ஒரு குறியை உறுதியாகப் பொருத்திவிட்டால், மூச்சு விடும்போது உடல் அசைந்தாலும் குறியும் எலும்பும் சேர்ந்தே அசையும். கல்லீரல் அப்படியல்ல. கத்தி பட்டதும் வடிவம் மாறும். மூச்சுக்கு மூச்சு இடம் மாறும். நேற்று எடுத்த படத்தை இன்று அதன்மேல் பொருத்துவது, தண்ணீரின்மேல் கோலம் போடுவது போலத்தான்.

கறுப்பைக் காட்ட முடியாது

மெழுகுவத்திச் சோதனையை அறை விளக்கை அணைக்காமல் செய்து பாருங்கள். சுடர் மங்கிப்போகும். இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கண்ணாடியில் எதை எதிரொளிக்கச் செய்தாலும், பின்னால் இருப்பதன்மீது ஒளியைக் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. வெள்ளைச் சுவரின்மேல் ஒரு கறுப்புப் பூனையைக் காட்ட முடியாது. கறுப்பு என்பது ஒளியே இல்லாமை. பூனை இருக்க வேண்டிய இடத்தில் சுவர்தான் தெரியும். மாயப் பொருளுக்கு நிழல் விழச் செய்வதும் இதே காரணத்தால் கடினம்.

இதற்கு மாற்று வழி, கண்ணாடியை விட்டுவிட்டுக் காமிராவை நம்புவது. முன்னால் உள்ள காட்சியைக் காமிராவால் படமெடுத்து, அதில் மாயப் பொருளைச் சேர்த்து, கண்முன் உள்ள மூடிய திரையில் காட்டுவார்கள். இதில் கறுப்புப் பூனையும் வரும், நிழலும் வரும். 2024-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் விஷன் ப்ரோ இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் இதில் உண்மையான உலகமும் தாமதமாகத்தான் கண்ணுக்கு வரும். அந்தத் தாமதத்தை 12 மில்லி வினாடிக்குள் அடக்கியிருப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. மின்சாரம் நின்றால் கண்ணாடிச் சாதனம் அணிந்தவர் வெறும் மூக்குக்கண்ணாடி அணிந்தவராகிவிடுவார். காமிராச் சாதனம் அணிந்தவருக்கோ கண்ணைக் கட்டியதுபோல் ஆகிவிடும். தெருவில் நடப்பவருக்கு எது பொருத்தம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரு வகைகளுக்கும் பொதுவான இன்னொரு தொல்லை கண்ணைச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் வெளியிட்ட ஹோலோலென்ஸ் கண்ணாடியில் பிம்பத்தின் குவியம் சுமார் 2 மீட்டரில் நிலையாக அமைந்திருந்தது. மாயப் பொருளை மூக்கிலிருந்து அரை மீட்டரில் வைத்தால், இரு விழிகளும் அரை மீட்டருக்கு ஏற்ப உட்புறம் திரும்பும். விழி லென்ஸோ 2 மீட்டருக்கே குவிந்திருக்கும். பிறந்தது முதல் சேர்ந்தே இயங்கிப் பழகிய இரண்டும் பிரிக்கப்படுவதால் கண் சோர்ந்துவிடும்.

உங்கள் வீட்டில் யாரிடமாவது இத்தகைய செயலி உள்ள கைபேசி இருந்தால், அவரிடம் கேட்டு வாங்கி இரண்டாவது சோதனையைச் செய்து பாருங்கள். செய்தித்தாளைத் தரையில் விரித்து, அதன் நடுவே ஒரு மாயப் பொருளை வைத்து, அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். கைபேசியில் அதைப் பார்த்தபடியே மெதுவாகச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தில் நின்று, எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அப்பாவின் வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் விரித்து, காமிராவில் வேட்டியைத் தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்கு நெருங்கி, இதையே மறுபடியும் செய்யுங்கள். வேட்டியின் கரை கண்ணில் பட்டால் காமிரா அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கரையை உள்ளே மடித்துவிடுங்கள்.